மளிகைக் கடைக்காரர் தொடங்கிய முதுகு வைத்தியம்

விடியற்காலையில் லாரி வந்து நிற்கும். சிப்பம் இறக்கும் ஆள் அன்றைக்கென்று வரமாட்டார். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுப்பார். அதன் பிறகு இரவு கடை கட்டும் வரை கல்லாவில் ஒரே இருப்பு. கீழ்த்தட்டில் இருக்கும் புளியைக் குனிந்து எடுக்க வேண்டும். மேல்தட்டு டப்பாவை எட்டி எடுக்க வேண்டும். நடுவில் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு மொத்தக் கடைக்கு ஆர்டர் சொல்ல வேண்டும். இப்படிப் பதினைந்து, இருபது வருடம் ஓடிய பிறகு இடுப்பும் கழுத்தும் பாக்கி கேட்டு வந்து நிற்பதில் வியப்பில்லை. நம்மவர்கள் அதை 'வாயுப் பிடிப்பு' என்பார்கள். தைலம் தேய்ப்பார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள், மறுநாள் காலையில் வழக்கம்போல் கடை திறப்பார்கள்.

சில வருடங்களாக இந்தப் பிடிப்புக்கு ஒரு புதிய வைத்தியம் நகரங்களில் பேசப்படுகிறது. 'கைரோபிராக்டிக்' என்று பெயர். ஆளைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, முதுகில் ஓரிடத்தில் கையை ஊன்றி வேகமாக ஓர் அழுத்து அழுத்துகிறார்கள். 'மடக்' என்று சத்தம் கேட்கிறது. படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து நடக்கிறார். இந்தப் படங்கள் செல்போனில் கைக்குக் கை ஓடுகின்றன. "நாமும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா? காசு வீணாகுமா? கழுத்துக்கு ஏதாவது ஆகிவிடுமா?" என்று உறுப்பினர்கள் சிலர் நம்மைக் கேட்டார்கள். ஒரு சரக்கைப் பற்றிக் கேட்டால், அது விளைந்த ஊரிலிருந்து விசாரிப்பதுதானே நம் வழக்கம்? இதையும் அப்படியே விசாரித்தோம்.

வாட் சியர் ஊரில் ஒரு கடை

இந்த வைத்தியத்தைத் தொடங்கியவரும் ஒரு காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்தான் என்பது நமக்கே புதிய செய்தி. டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1845-இல் கனடாவில், டொரொண்டோ நகருக்கு அருகில் பிறந்தார். 1865-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தார், தேனீ வளர்த்தார், பழத்தோட்டம் போட்டார். 1880-களின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்தில் வாட் சியர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் மளிகைக் கடை நடத்தினார். கூடவே தங்கமீனும் விற்றார். கடை அவருக்கு நிலைக்கவில்லை. 1886-இல், கையால் தடவி நோய் தீர்ப்பதாகச் சொல்லும் 'காந்த வைத்திய'த்தில் இறங்கினார். அடுத்த வருடம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டாவன்போர்ட் நகருக்குக் குடிபெயர்ந்து, ஒரு கட்டடத்தில் அறைகள் பிடித்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லிலார்ட் என்ற கறுப்பினத்தவர். பதினேழு வருடமாக அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஒருமுறை குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியதாகவும், அப்போதிருந்தே செவி மந்தமாகிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். பாமர் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு முள்ளெலும்பு புடைத்திருப்பதாகக் கண்டு அதைக் கையால் தள்ளி உட்காரவைத்தார். உடனே காது கேட்டது. இது பாமர் எழுதி வைத்த கதை. அதற்குச் சொல்லப்படும் நாள் 1895 செப்டம்பர் 18. இன்றும் அந்தத் துறையினர் அதைத்தான் தங்கள் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

காது நரம்பு காதிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, முதுகெலும்பின் வழியாகப் போவதே இல்லை என்று மருத்துவர்கள் அன்றிலிருந்தே சொல்லி வருகிறார்கள். பாமர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட சாமுவேல் வீட் என்ற பாதிரியார், கிரேக்க மொழியில் 'கை' என்ற சொல்லையும் 'செயல்' என்ற சொல்லையும் சேர்த்து இந்த வித்தைக்குப் பெயர் கொடுத்தார். 'கைவேலை' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1897-இல் பாமர் பள்ளிக்கூடமே தொடங்கிவிட்டார். 1910-இல் எழுதிய நூலில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு முள்ளெலும்பு விலகுவதே காரணம் என்றும், மீதி ஐந்துக்கு மற்ற மூட்டுகள் விலகுவதே காரணம் என்றும் அடித்துச் சொன்னார். ஒரே சூரணத்தைக் காட்டி, இது தலைவலிக்கும் கேட்கும், வயிற்று வலிக்கும் கேட்கும், கண் பார்வைக்கும் கேட்கும் என்று சந்தையில் கூவி விற்பவரை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் குரல்தான் இதிலும் கேட்கிறது. எலும்பு விலகி நரம்பை அமுக்குவதால்தான் உடம்பின் எல்லா நோயும் வருகிறது என்பதற்கு இன்றுவரை சான்று கிடையாது. இப்போது அந்தத் துறையிலேயே பலர் அதைச் சொல்வதில்லை.

1906-இல், உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்தார் என்று பாமரைச் சிறையில் போட்டார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு அபராதம் கட்டி வெளியே வந்தார். பள்ளிக்கூடம் மகன் பார்ட்லெட் ஜோஷுவா பாமரின் கைக்குப் போனது. வாட் சியரில் அப்பாவின் காலத்தில் பிறந்த இந்த மகன்தான் உண்மையான வியாபாரி. 1922-இல் ஒரு வானொலி நிலையத்தை வாங்கினார். அதன் மூன்று எழுத்து அழைப்புப் பெயரையே 'கைரோபிராக்டிக்கின் அற்புதங்கள்' என்பதன் சுருக்கமாகச் சொல்லி விளம்பரம் செய்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் 1932-இல் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தது அந்த நிலையத்தில்தான். 1924-இல், முதுகில் வைத்து வெப்ப வித்தியாசத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். அதை விற்கமாட்டேன், குத்தகைக்குத்தான் தருவேன் என்றார். இந்தக் கருவி இல்லாமல் யாரும் சரியாகத் தொழில் செய்ய முடியாது என்றும் சொன்னார். அவரிடம் படித்த ஆட்களே கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

சங்கம் போட்ட தடை

வணிகர் சங்கத்து ஆட்களாகிய நாம் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது.

1913-இல் கான்சாஸ் மாநிலம் கைரோபிராக்டர்களுக்கு உரிமம் வழங்கச் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1974-இல் கடைசியாக லூசியானாவும் சேர்ந்தது. ஆங்கில வைத்தியர்களின் சங்கமான அமெரிக்க மருத்துவர் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. 1963-இல் போலி வைத்திய ஒழிப்புக்கென்று ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு குறிவைத்தது பெரும்பாலும் கைரோபிராக்டர்களைத்தான். விஞ்ஞான அடிப்படை இல்லாதவர்களோடு தொழில்முறையில் உறவு வைத்துக்கொள்வது ஒழுக்கக்கேடு என்று சங்கத்தின் நெறிமுறையில் இருந்தது. அதாவது, அவர்களிடம் நோயாளியை அனுப்பக் கூடாது. அவர்கள் அனுப்பும் நோயாளியை ஏற்கக் கூடாது. எக்ஸ்ரே எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'இந்த ஆளுக்குச் சரக்குப் போடாதே' என்று சங்கம் சொல்வது போலத்தான்.

1976-இல் செஸ்டர் வில்க் என்ற சிகாகோ கைரோபிராக்டரும் இன்னும் நால்வரும் வழக்குப் போட்டார்கள். மருத்துவச் சட்டத்தின் கீழ் போடவில்லை. வணிகத்தில் கூட்டுச் சேர்ந்து போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் 1890-ஆம் வருடத்து ஷெர்மன் சட்டத்தின் கீழ் போட்டார்கள். முதல் விசாரணையில் ஜூரிகள் மருத்துவர் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். மேல்முறையீட்டில் அது ரத்தாகி மறு விசாரணைக்கு வந்தது. 1987-இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், மருத்துவர் சங்கம் சட்டத்துக்கு மாறாகப் புறக்கணிப்பு நடத்தியது என்று தீர்ப்பளித்து, இனி அப்படிச் செய்யக் கூடாது என்று தடையாணை விதித்தார். அந்த ஆணையைச் சங்கம் தன் சொந்தப் பத்திரிகையிலேயே அச்சிட வேண்டியதாயிற்று. 1990-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நோயாளியின் நன்மைக்காகத்தான் செய்தோம் என்று மருத்துவர் சங்கம் வாதாடிப் பார்த்தது. அக்கறை உண்மையாகவே இருந்தாலும், ஒருவரது தொழிலை முடக்காமலே அதை நிறைவேற்ற வழி இருந்ததே என்று நீதிபதி கேட்டார். நம் நாட்டிலும், 'தடையில்லாச் சான்று வாங்கி வந்தால்தான் ஏஜென்ஸி' என்று நடந்துகொண்ட மருந்து வணிகர் சங்கங்கள் சிலவற்றின் மீது போட்டி ஆணையம் அபராதம் விதித்திருப்பது நம்மவர்களுக்குத் தெரியும். நல்ல எண்ணத்தோடு போடும் தீர்மானமும் நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம் என்பதற்கு இந்த வழக்கு போதும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வைத்தியம் பலிக்கிறதா இல்லையா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. கடை திறக்க உரிமை உண்டு என்றால், உள்ளே இருக்கும் சரக்கு நயமானது என்று பொருளாகாது. சரக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சத்தத்தில் என்ன இருக்கிறது

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று அசையும் முள்ளெலும்புகள் 24. ஒவ்வொன்றும் அடுத்ததோடு பின்புறத்தில் இரண்டு சிறு மூட்டுகளால் சேர்ந்திருக்கிறது. அந்த மூட்டுக்குள் எண்ணெய் போன்ற திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று விரித்தால் அழுத்தம் குறைந்து, திரவத்துக்குள் வாயுக் குழிவு ஒன்று உண்டாகிறது. சத்தம் அதிலிருந்து வருகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் சொடுக்கும்போது எம்.ஆர்.ஐ. படம் எடுத்து இதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒருமுறை சொடுக்கிய விரல் உடனே மறுபடி சொடுக்காதது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது. ஆகவே 'மடக்' என்று கேட்டால், விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இறுகிய தசை தற்காலிகமாகத் தளர்வதும், வலியை உணரும் விதம் சற்று மாறுவதும்தான் அந்தச் சுகத்துக்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சத்தம் வராவிட்டாலும் பலன் குறைவதில்லை.

விலையும் பலனும்

நமக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இடுப்பு வலிக்காரர்கள் 321 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக்; ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி பயிற்சி; மூன்றாம் பிரிவுக்கு, முதுகை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லும் ஒரு சிறு புத்தகம் மட்டும். முடிவு 1998-இல் வெளிவந்தது. கைரோபிராக்டிக்கும் பிசியோதெரபியும் ஏறக்குறையச் சமம். புத்தகம் வாங்கியவர்களைவிட அந்த இரு பிரிவினருக்கும் வலி சற்றே குறைவு, அந்த வித்தியாசமும் சிறியது. இரண்டு வருடத்தில் ஆளுக்குச் சராசரியாக ஆன செலவு: பிசியோதெரபிக்கு 437 டாலர், கைரோபிராக்டிக்குக்கு 429 டாலர், புத்தகப் பிரிவுக்கு 153 டாலர். வலி திரும்ப வருவதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் வைத்தியம் எப்படி என்று கேட்டபோது, கைபட வைத்தியம் பெற்ற இரு பிரிவிலும் நூற்றுக்கு 75 பேர் அளவில் நன்று என்றார்கள். புத்தகப் பிரிவில் 30 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். வாடிக்கையாளரை உட்காரவைத்து, அவர் குறையைக் காது கொடுத்துக் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்து அனுப்பினால் அவர் திருப்தியாகப் போவார் என்பது நமக்குத் தெரியாததா? ஆங்கில டாக்டரிடம் இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரும் நோயாளி இந்தப் பக்கம் போவதற்கு அது ஒரு காரணம்.

பிறகு வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு வலிக்கு முதுகெலும்பை அழுத்திச் சீர்செய்வதால் ஆறு வாரத்துக்குள் ஓரளவு சுகம் கிடைக்கிறது என்று, 26 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த 2017-ஆம் வருட அறிக்கை சொன்னது. அதே வருடம் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, இப்படிப்பட்ட வலிக்கு மாத்திரைக்கு முன்னால் ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பு அழுத்தல் இவற்றில் ஒன்றைப் பார்க்கலாம் என்று கூறியது. நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறையிலும் இதற்கு நிபந்தனையோடு இடம் உண்டு. உடற்பயிற்சிக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு. நம் கடைகளில் பலர் சட்டைக்குள் கட்டிக்கொண்டிருக்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான வைத்தியமாகத் தர வேண்டாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

கழுத்து வலிக்கு 2012-இல் வந்த ஓர் ஆராய்ச்சி நம் கவனத்தைக் கவர்ந்தது. 272 பேரில் ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டர் சிகிச்சை, ஒரு பிரிவுக்கு வீட்டிலேயே செய்யக் கழுத்துப் பயிற்சி. பயிற்சியை இரண்டே தடவை உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார்கள். மூன்று மாத முடிவில் மாத்திரையைவிட மற்ற இரண்டும் மேல். அவை இரண்டுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

கழுத்தில் மட்டும் எச்சரிக்கை

இடுப்பில் கை வைப்பதற்கும் கழுத்தில் கை வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாக ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருகும்போது மிக அபூர்வமாக அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். ஏற்கெனவே குழாய் கிழிந்து அதனால் கழுத்து வலி வந்தவர்கள்தான் வைத்தியம் தேடிப் போயிருப்பார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானமாகச் சொல்லிவிட முடியவில்லை. ஆனாலும் கழுத்தில் கை வைக்குமுன் நோயாளியிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்க இதய நோய்ச் சங்கம் 2014-இல் அறிவித்தது.

நம் ஊரில் இதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்புத் திருப்பி நெட்டி முறித்து அனுப்புவது எத்தனை காலமாக நடக்கிறது! 'அண்ணே, கழுத்தை ஒரு தடவை எடுத்து விடுங்க' என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அதை விட்டுவிடுவது நல்லது என்பது நம் கருத்து. மாலிஷ் போதும், திருப்பு வேண்டாம் என்று சொல்லலாம். கழுத்தில் யாரோ கை வைத்த பிறகு, இதுவரை இல்லாத தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது வந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று கல்லாவில் உட்காரக் கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடுப்பிலும் சில வலிகள் யாருடைய கைக்கும் உரியவை அல்ல. சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி, விழுந்து அடிபட்ட பின் வலி: இவையெல்லாம் முதலில் டாக்டரிடம் போக வேண்டியவை. எலும்பு தேய்ந்து மெலிந்த முதியவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த அழுத்தலுக்குப் போகக் கூடாது.

போவது என்று முடிவு செய்தவர்களுக்கு, வியாபாரி என்ற முறையில் இரண்டொரு வார்த்தை. அமெரிக்காவில் இருப்பது போல் இந்தத் தொழிலுக்கென்று தனி அரசு உரிமம் நம் நாட்டில் இல்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, அந்த ஆள் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று கேளுங்கள். படித்த பிசியோதெரபிஸ்டுகளில் சிலரும் இதே முறையைச் செய்கிறார்கள். 'இருபது தடவைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்றால், மூட்டையைக் குத்திப் பார்க்காமல் லோடு முழுவதற்கும் பணம் கேட்கிறார்கள் என்று பொருள். தடவைக்குத் தடவை கொடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். வலி போன பிறகும் 'பராமரிப்பு'க்காக மாதாமாதம் வரச் சொன்னாலும், சர்க்கரை, ஆஸ்துமா, குழந்தையின் காதுவலி எல்லாவற்றுக்கும் முதுகிலேயே மருந்து இருக்கிறது என்று சொன்னாலும், எழுந்து வந்துவிடலாம்.

எதுவும் செய்யாவிட்டாலும், திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் தானே தேறுகிறது. படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தேறும். திரும்பத் திரும்ப வருவதுதான் நம் தொழிலில் தொல்லை. அதற்குக் கடைக்குள்ளேயே சில மாற்றங்கள் உண்டு. வேகமாக ஓடும் சரக்கை இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட தட்டில் வைப்பது; கல்லாவில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது; மூட்டையை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்குவது; தூக்கியபடி இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புவது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல், ஆண் தொழிலாளி ஒருவர் தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை செய்தது. நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிப் படியேறிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. 2022-இல் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைக்கு வரி வந்தபோது, ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டி அனுப்பினார்கள். வரிக்காக ஏறிய அந்த ஒரு கிலோவையும் சேர்த்துத் தூக்கியது நம் கடைப் பையன்களின் முதுகுதான். சாக்கு வண்டி ஒன்று வாங்கிக் கடை வாசலில் நிறுத்தினால், லாரியிலிருந்து உள்ளே வருவதற்காவது முதுகு தேவைப்படாது.